நாற்பத்தோராம் பிரிவை மறந்தவர்

ஒருவர் வீட்டுச் சுவர் இன்னொருவர் மண்ணில் ஒரு சாண் நுழைந்துவிட்டது என்றால் அந்த ஊரில் எல்லாரும் தேடிப்போனது ஒரே ஆளைத்தான். பதினேழு வருஷமாக வேலி, சுவர், பொதுச்சந்து, அடுத்த வீட்டு மரக்கிளை, அந்தக் கிளையிலிருந்து விழும் சருகு, இவற்றைத் தவிர வேறு எந்த வழக்கையும் தொடாத வக்கீல் அவர். கோர்ட்டில் அவரை 'வேலியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். நமக்கு அது எதற்கு, நாமும் வேலியார் என்றே வைத்துக்கொள்வோம்.

நல்ல மனுஷர். அதிகம் பேச மாட்டார். ஆனால் யாராவது எல்லைச் சட்டத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் மட்டும் அவருக்கு இருப்புக் கொள்ளாது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் போனில் யாருக்கோ தப்பாகச் சொன்னால்கூடத் தோளைத் தட்டித் திருத்திவிட்டுத்தான் மறுவேலை. அப்படித் திருத்திக்கொண்டே போய் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி நாலு நிறுத்தம் நடந்து வந்த நாட்கள் உண்டு.

அவருக்கு ஒரே ஒரு அக்கா. துணி ஆலையில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை. பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு சின்ன வீடு கட்டினாள். கொத்தனார் நூல் பிடித்த லட்சணம், சமையலறைச் சுவர் பக்கத்து மனையில் ஒரு சாண் போய் உட்கார்ந்துவிட்டது. அக்கா பதறிப்போய்த் தம்பியைக் கூப்பிட்டாள். தம்பி வந்து அளந்து பார்த்தார்.

"எல்லைச் சட்டம், நாப்பத்தோராம் பிரிவு. பன்னிரண்டு வருஷம் பக்கத்துக்காரர் ஆட்சேபிக்காம இருந்துட்டார்னா அப்புறம் அந்தச் சுவரை யாரும் தொட முடியாது. நீ சும்மா இரு, அக்கா."

அக்கா சும்மா இருந்தாள். பக்கத்துக்காரரும் சும்மா இருந்தார். பன்னிரண்டு வருஷம் முடிந்த அன்று தம்பி போன் பண்ணி, "உன் சுவர் இன்னையிலருந்து உன்னோடது" என்று வாழ்த்தினார். வேறு எந்த வீட்டில் சுவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வார்கள்!

சுவர் நின்றது, குடும்பம்தான் நிற்கவில்லை. அத்தான் தனியாகப் போய்விட்டார். போனவர் பேசாமல் போயிருக்கலாம். "என் பொண்ணை எங்கிட்டக் குடு" என்று வழக்குப் போட்டார். அந்தப் பொண்ணுக்கு எட்டு வயசு. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், அதனால் வீட்டில் அவள் 'வாலு'. அத்தான் பிள்ளை வளர்ப்பில் எப்படியோ, வழக்கு நடத்துவதில் கெட்டிக்காரர். ஊரில் குடும்ப வழக்கு நடத்துகிற வக்கீல்கள் மொத்தம் பதினோரு பேர். பதினோரு பேரிடமும் போய் ஆளுக்கு அரை மணி நேரம் ஆலோசனை கேட்டுவிட்டு வந்துவிட்டார். ஒரு தரப்பு ஆலோசனை கேட்ட வக்கீல் எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாது என்பது விதி. அதனால் அக்கா எந்தக் கதவைத் தட்டினாலும், "ஐயோம்மா, உங்க வீட்டுக்காரர் எங்கிட்ட வந்துட்டாரே" என்ற பதில்தான் வந்தது. பதினோராவது கதவு சாத்தியதும் அவள் நேரே தம்பி வீட்டுக்கு வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏன்டா, நீயும் வக்கீல்தானே?"

"நான் சுவர் வக்கீல், அக்கா."

"அப்ப என் பொண்ணைச் சுவருன்னு நினைச்சுக்கோ."

அன்றைக்குத்தான் வேலியார் முடிவெடுத்தார். குடும்பப் பிரிவுக்கு மாறிவிடுவது, வாலுவுக்காகத் தானே நின்று வாதாடுவது. விசாரணைக்கு எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதத்தில் ஒரு மனுஷன் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு நடந்தேகூடப் போய்விடலாம் என்று நினைத்தார் பாவம்.

முதலில் அவர் வேலை பார்த்த பெரிய அலுவலகத்தின் முதலாளி வக்கீலிடம் சொன்னார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நம்ம ஆபீஸ்ல சுவர் மூணாவது மாடி, குடும்பம் அஞ்சாவது மாடி. இருபது வருஷமா மூணுலருந்து அஞ்சுக்கு ஒருத்தரும் போனதில்ல. போனா நாலாவது மாடிக்காரங்க என்ன நினைப்பாங்க?"

"நாலாவது மாடி காலியாத்தானே சார் இருக்கு?"

"அதான் சொல்றேன். அவ்வளவு மரியாதைக்குரிய மாடி. உனக்குக் குடும்பம்தான் வேணும்னா வெளிய போய்த் தனியா நடத்திக்கோ."

ஆக, பிரிவு மாறுவதோடு தனி அலுவலகமும் போட வேண்டும். பதினேழு வருஷம் ஒரே மேஜை, ஒரே ஜன்னல். தனியாகப் போகலாமா வேண்டாமா என்று நாலு நாள் தூக்கமில்லாமல் புரண்டார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற மனைவி ஐந்தாம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள்.

"உங்களுக்குக் குடும்பத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதுக்கு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா வாலு இல்லாம உங்க அக்கா உசுரோட இருப்பாங்களா? போய் ஆகவேண்டியதைப் பாருங்க."

வேலியார் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அடுத்த நாளே பேரவைக்குப் போனார்.

பேரவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் வழக்கறிஞர் பிரிவுக் கட்டுப்பாட்டுப் பேரவை. ஒரு வக்கீல் ஒரு பிரிவுக்கு மேல் தெரிந்துகொண்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எல்லைப் பிரிவுக்காரர் கோட்டில் பழுப்பு நாடா, குடும்பப் பிரிவுக்காரர் கோட்டில் நீல நாடா. ஒவ்வொரு நாடாவுக்கும் ஒரு தனி மாடிப்படி. பழுப்பு நாடாக்காரர் நீலப் படியில் கால் வைத்தால் அபராதம். பிரிவு மாறுகிறவர்களுக்கான அறை நீலப் படி வழியாகத்தான் போக வேண்டிய இடத்தில் இருந்தது. வேலியார் கீழேயே நின்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துச் செயலாளரே இறங்கி வந்து, அபராதச் சீட்டை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மேலே அழைத்துப் போனார்.

செயலாளர் தங்கமான மனுஷர், எதையும் ஒளிக்கத் தெரியாது.

"எல்லாரும் எங்களைத் திட்டறாங்க சார். ஒரு வக்கீலுக்கு ரெண்டு சட்டம் தெரிஞ்சா என்ன குடி முழுகிடும்னு கேக்கறாங்க. சொல்றேன் கேளுங்க. ரெண்டு சட்டம் தெரிஞ்சவன் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பான். பாத்தா சந்தேகம் வரும். சந்தேகம் வந்தா இங்கதான் வருவான். வந்தா நான் பதில் சொல்லணும். எனக்குப் பதில் தெரியுமா? தெரியாது. அந்தச் சங்கடம் யாருக்கும் வேண்டாம்னுதான் இவ்வளவு பெரிய கட்டடம் கட்டி வெச்சிருக்கோம்."

அவர் மூன்று படிவங்களை எடுத்து மேஜையில் பரப்பினார். முதலாவது, தனி அலுவலக அனுமதி. இரண்டாவது, பழைய சட்டத்தை அடியோடு மறந்துவிட்டதற்கான மறதிச் சான்றிதழ். இந்த இரண்டும் கிடைத்த பிறகு மூன்றாவதாக நீல நாடா.

"மறதிக்கா சான்றிதழ்?" என்றார் வேலியார்.

"பின்ன? நீங்க பாட்டுக்குச் சுவரை மண்டையில வெச்சுக்கிட்டுக் குடும்பத்துக்குள்ள போனா, குடும்பத்துக்கு நடுவுல சுவர் எழுப்பிட மாட்டீங்க? பரீட்சை வெப்போம். மறந்திருந்தா பாஸ். உங்க எல்லைச் சட்டப் புத்தகங்களையும் ஒப்படைக்கணும். குடும்பக் கோர்ட்டுல எல்லைச் சட்டப் புத்தகம் ஒரு பிரதி கிடையாது, தெரியுமில்ல? அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கோம். அப்புறம் இங்க நடக்கறது ஒவ்வொண்ணும் மாசாமாசம் பேரவை மடல்ல அச்சாகும். அச்சாயிடுச்சுன்னா எல்லாக் கோர்ட்டுலயும் செல்லும். ஒளிவுமறைவே கிடையாது."

வேலியார் மூன்று படிவங்களையும் பூர்த்தி செய்துவிட்டு, அபராதம் கட்டிவிட்டு, இறங்கி வந்தார்.

தனி அலுவலகத்துக்கு ஓர் அறை பிடித்தார். கீழே சைக்கிள் பஞ்சர் கடை, மேலே இவர். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கையை வைத்தால் ஆடுகிற அலமாரி. வாசலில் பலகை கட்டாயம் இருக்க வேண்டும் என்பது பேரவை விதி. பிரிவைக் குறிப்பிடாத பலகை செல்லாது என்பதும் விதி. நாடா கிடைக்காமல் பிரிவை எழுதினால் ஆறு மாதம் தடை என்பதும் விதி. பலகை எழுத வந்தவர் மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தூரிகையால் காதைச் சொறிந்தார்.

"மேல 'வழக்கறிஞர்'னு எழுதிடறேன் சார். கீழ பெருசா இடம் விட்டுடறேன். கிடைச்சதும் கூப்பிடுங்க, வந்து ரொப்பிடறேன்."

அப்படியே எழுதினார். கீழே கிடந்த வெள்ளை இடத்தைப் பார்த்துவிட்டு, அது வாடகைக்கு உண்டா என்று மெத்தைக் கடைக்காரர் ஒருவர் விசாரித்துவிட்டுப் போனார். அந்த அறையைத் தேடி வந்த முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

இரண்டாவதாக வந்தவர் பேரவை அனுப்பிய தனிமைப் பார்வையாளர். தனி அலுவலகம் நடத்துகிறவர் உண்மையிலேயே தனியாகத்தான் இருக்கிறாரா என்று ஆறு மாதம் உடன் உட்கார்ந்து பார்த்து எழுதுவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற்ற கோர்ட்டு எழுத்தர், நேரம் தவறாதவர். பேரவை முத்திரை போட்ட நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், மூலையில் போட்டார், நோட்டைத் திறந்தார். காலை ஒன்பதுக்கு வந்தால் மாலை ஐந்துக்குத்தான் எழுந்திருப்பார். நடுவில் மதியச் சாப்பாடு, அரை மணி நேரம் கண்ணயர்தல்.

பள்ளிக்கூடம் விட்டதும் நாலு மணிக்கு வாலு நேரே அங்கே வந்துவிடுவாள். அக்கா வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போகும்வரை மாமா அறைதான் அவளுக்கு வீட்டுப்பாடக் கூடம், விளையாட்டு மைதானம் எல்லாம். முதல் நாளே மூலைக்குப் போய் நின்றாள்.

"தாத்தா, நீங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கீங்க?"

"உங்க மாமா தனியா இருக்காரான்னு பாக்கறதுக்கும்மா."

"அதான் நீங்க இருக்கீங்களே."

"அதைத்தாம்மா நானும் எழுதியிருக்கேன்" என்று நோட்டைக் காட்டினார் பார்வையாளர். 'இன்றும் விண்ணப்பதாரர் தனியாக இல்லை' என்று மணிமணியான கையெழுத்தில் இருந்தது. அதன் கீழே, 'மாலை நாலு மணிக்குப் பிறகு ஒரு சிறுமி உட்பட மூவர்.'

வேலியார் எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தார். "ஐயா, நீங்க எழுந்து போயிட்டா நான் தனியாத்தானே இருப்பேன்?" என்றார்.

"இருப்பீங்க. ஆனா அதை நான் எப்படிப் பாக்க முடியும்? பாக்காததை எழுதற ஆள் நான் இல்ல, சார். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்."

வேலியார் தன் மேஜைக்குத் திரும்பினார்.

அடுத்தது மறதிப் பரீட்சை. முதல் தடவை நூறு கேள்விகள் கொண்ட தாள் வந்தது. வேலியார் மூன்று மணி நேரமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது: 'தோல்வி. சட்டம் தெரியாதவர்கள் எதையாவது எழுதி வைப்பார்கள் என்பது பேரவையின் நீண்டகால அனுபவம். சட்டம் தெரிந்தவரால்தான் இவ்வளவு அடக்கமாக இருக்க முடியும்.'

இரண்டாவது தடவை நூறு கேள்விக்கும் கவனமாகத் தப்பான பதில் எழுதினார். ராத்திரியெல்லாம் கண் விழித்துத் தயார் செய்த தப்புகள். முடிவு வந்தது: 'தோல்வி. ஒரு பதில்கூடத் தவறிப்போய்ச் சரியாக அமையாதபடி எழுத வேண்டுமானால் நூறு பதிலும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பேரவை வரலாற்றிலேயே எல்லைச் சட்டத்தில் இவ்வளவு புலமை கண்டதில்லை. வாழ்த்துகள்.'

ஐந்து மாதம் ஓடிவிட்டது. அக்கா தினமும் கேட்பதை நிறுத்தி வாரம் ஒரு முறை கேட்க ஆரம்பித்தாள். அதுதான் அவருக்கு அதிகம் உறுத்தியது.

மூன்றாவது தடவை வாய்மொழித் தேர்வு. சின்ன அறை, ஒரு மின்விசிறி. பரீட்சகர் எதிரே உட்கார்ந்து எல்லைச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக வாசிப்பார், பக்கத்தில் ஒரு குமாஸ்தா வேலியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். தப்பாக வாசிக்கும்போது முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்தால் போதும், சட்டம் ஞாபகம் இருக்கிறது என்று அர்த்தம். பரீட்சகருக்கு வயசு எழுபதுக்கு மேல். தலைகாணி உறையிலிருந்து எடுப்பதுபோலப் புத்தகத்தை உறையிலிருந்து உருவி, மூக்குக்கண்ணாடியைத் தேடி, காணாமல், கண்ணை இடுக்கிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார்.

முதல் நாற்பது பிரிவுகளில் முப்பது தப்பு. அவர் வேண்டுமென்றே தப்பாக வாசித்தாரா, கண் தெரியாமல் வாசித்தாரா என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். வேலியார் நகத்தை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, வாலு, வாலு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தோராம் பிரிவு" என்றார் பரீட்சகர். "எல்லை தாண்டிக் கட்டிய சுவரைப் பக்கத்து உரிமையாளர் இருபத்தோரு ஆண்டுகள் ஆட்சேபிக்காமல் இருந்தால் அதன் பிறகு அகற்ற இயலாது. இருபத்தோரு ஆண்டுகள். ஆட்சேபம் உண்டா?"

வேலியாரின் நாக்கு மேலண்ணத்தில் போய் முட்டியது. பன்னிரண்டு, பன்னிரண்டு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவனைத் தோளில் தட்டித் திருத்திய மனுஷர் அவர். நாக்கைப் பல்லுக்கு நடுவே வைத்து அழுத்தினார். ரத்தம் உப்புக் கரித்தது. பேரவைக் கட்டடத்தில், கதவு சாத்திய ஒரு பொந்துக்குள் கண் தெரியாத கிழவர் ஒருவர் தப்பாக வாசித்தால் எந்தச் சுவர் இடிந்து விழப்போகிறது? இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் வாலுவுக்காக வாதாடலாம்.

"ஆட்சேபம் உண்டா?" என்றார் பரீட்சகர் இரண்டாம் முறையாக.

வேலியார் மின்விசிறியைப் பார்த்தார். குமாஸ்தா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, 'ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

தேர்ச்சி!

பழுப்பு நாடா கழற்றுகிற விழாவை விமரிசையாகவே நடத்தினார்கள். நூறு நாற்காலி போட்டிருந்தார்கள், ஒன்பது பேர் வந்திருந்தார்கள். வேலியார் தன் பதினேழு வருஷப் புத்தகங்களை, பக்கத்துக்குப் பக்கம் பென்சில் குறிப்பெழுதி வைத்திருந்தவற்றை, இரண்டு பைகளில் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவற்றைக் கயிறு போட்டுக் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அரக்கு உருகும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. மறதியின் மகிழ்ச்சியில் அழுகிறார் என்று செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

பிறகு பேரவைத் தலைவர் பேசினார்.

"நம்ம வேலியார் மறதிக்கு ஏழு மாசம் எடுத்துக்கிட்டார். தப்பில்ல. இந்தக் காலத்து ஆளுங்க எதையும் கஷ்டப்பட்டுத்தான் மறக்கறாங்க. நான் அப்படி இல்ல. நாற்பது வருஷத்துக்கு முன்னாடி இந்த நாற்காலியில உக்காந்தேன், உக்காந்த வேகத்துலயே எல்லாம் மறந்துபோச்சு. பரீட்சை இல்ல, சான்றிதழ் இல்ல, தானா நடந்தது. இன்னைக்கு வரைக்கும் ஒரு சட்டம்கூட என்னை அண்டல. அதனாலதான் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து என்னால நடுநிலையா இருக்க முடியுது."

ஒன்பது பேரும் கைதட்டினார்கள். தலைவர் கத்தரிக்கோலால் வேலியாரின் கோட்டிலிருந்து பழுப்பு நாடாவை வெட்டி எடுத்தார், கூடவே கொஞ்சம் கோட்டும் வந்துவிட்டது.

"நீல நாடா எப்பங்க ஐயா? அடுத்த வாரம் விசாரணை" என்றார் வேலியார் மெல்ல.

செயலாளர் ஒரு கோப்பைப் புரட்டினார். "அதுல ஒரு சின்னச் சிக்கல் சார். தனி அலுவலக அனுமதி வந்தாத்தான் நாடா. தனிமைப் பார்வையாளர் அறிக்கை நேத்துதான் வந்தது. ஆறு மாசத்துல ஒரு நாள்கூட நீங்க தனியா இல்லன்னு நேரில் கண்ட சாட்சியா எழுதியிருக்கார். பார்வைக்காலமும் முடிஞ்சுபோச்சு. விண்ணப்பம் தள்ளுபடி. திரும்ப முதல்லருந்து போடுங்க, என்ன அவசரம்?"

வேலியார் எழுந்து நின்றார். கோட்டில் ஓட்டை. பழைய சட்டம் அவருக்குத் தெரியாது என்று சான்றிதழ் இருந்தது. புதிய சட்டம் அவருக்குத் தெரியக் கூடாது என்று விதி இருந்தது. பதினேழு வருஷம் உழைத்து எந்தச் சட்டத்துக்கும் வக்கீலாக இல்லாத ஒரே வக்கீல் என்ற இடத்துக்கு வந்திருந்தார்.

விசாரணையைத் தள்ளி வைக்கக் கேட்டு அக்கா மனுப் போட்டாள். எட்டு மாதம் போதாதா என்று கேட்டுத் தள்ளுபடி செய்தார்கள். அக்கா தானே நின்று பேசுவது என்று ஆனது. வேலியார் பார்வையாளர் வரிசையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

அத்தானின் வக்கீல் பதினோரு பேரில் ஒருவர். பளபளவென்று நீல நாடா. அவர் அக்காவின் பாசத்தைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. உழைப்பைப் புகழ்ந்தார். கடைசியில் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஆனா குழந்தை எங்க வளரும், ஐயா? இவங்க வீட்டுச் சமையலறைச் சுவர் அடுத்தவர் மண்ணுல நிக்குது. அதை இடிக்கச் சொல்லிப் பக்கத்துக்காரர் போன வாரம் நோட்டீஸ் குடுத்திருக்கார். சுவர் போனா கூரை போகும். கூரை இல்லாத வீட்டுல பெண் குழந்தையை எப்படி விடறது?"

பதினாலு வருஷம் சும்மா இருந்த பக்கத்துக்காரர் போன வாரம் யாருடைய யோசனையில் விழித்துக்கொண்டார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்கா மட்டும் பயப்படவில்லை. அவள் நிமிர்ந்து நின்றாள்.

"அந்தச் சுவரை யாரும் தொட முடியாதுங்க ஐயா. கட்டிப் பதினாலு வருஷம் ஆச்சு. பன்னிரண்டு வருஷம் ஆட்சேபம் இல்லன்னா சுவர் எங்களோடது. நாப்பத்தோராம் பிரிவு."

நீதிபதி ஆச்சரியத்தோடு பார்த்தார். "யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"என் தம்பிங்க. எல்லை வக்கீல். இந்த ஊர்ல சுவரைப் பத்தி அவனுக்குத் தெரியாதது கிடையாது" என்று கடைசி பெஞ்சைக் காட்டினாள். அந்த முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அத்தானின் வக்கீல் பையிலிருந்து பேரவை மடலை எடுத்தார். அந்த மாதத்து இதழ், மை வாசனை இன்னும் போகவில்லை.

"இந்தத் தம்பிதானா பாருங்க, ஐயா. பக்கம் பதினாறு. 'நாற்பத்தோராம் பிரிவு, இருபத்தோரு ஆண்டுகள் என்று, பதினேழு ஆண்டு அனுபவமுள்ள எல்லைச் சட்ட நிபுணரின் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. ஆட்சேபம் உண்டா என்று இருமுறை கேட்கப்பட்டது. நிபுணர் ஆட்சேபிக்கவில்லை.' இந்த அம்மா வீட்டுச் சுவருக்குப் பதினாலுதான் ஆகுது. இன்னும் ஏழு வருஷம் பாக்கி."

வேலியார் எழுந்தே விட்டார். "ஐயா! பன்னிரண்டுதான்! பரீட்சகர் தப்பா வாசிச்சார். புத்தகத்தைப் பாருங்க."

"இந்தக் கோர்ட்டுல எல்லைச் சட்டப் புத்தகம் வைக்கறதில்ல" என்றார் நீதிபதி. "உங்க பிரதி இருக்கா?"

"அரக்கு வெச்சுட்டாங்க."

"நீங்க எந்தப் பிரிவு? நாடாவைக் காணோமே?"

அத்தானின் வக்கீல் பக்கத்தைத் திருப்பினார். "பக்கம் பதினேழு, ஐயா. இவர் எல்லைச் சட்டத்தை முழுசா மறந்துட்டதுக்குப் பேரவை சான்றிதழ் குடுத்திருக்கு. தலைவர் கையெழுத்தோட."

நீதிபதி அதை வாங்கி நிதானமாகப் படித்தார். கெட்டவர் இல்லை, முகத்தில் உண்மையிலேயே வருத்தம் தெரிந்தது. "சார், உங்களுக்கு இது தெரியாதுன்னு அச்சாகியிருக்கு. தெரியாத விஷயத்துல நீங்க இவ்வளவு உறுதியாப் பேசறது நல்லதில்ல. உக்காருங்க."

வேலியார் உட்கார்ந்தார். அக்கா திரும்பி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எல்லைக்குள் முழுசாக நிற்கிற ஒரு வீடு தாய்க்கு அமையும்வரை குழந்தை தகப்பனிடம் இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. அத்தான் அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கூட்டிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது.

வெளியே நடைக்கூடத்தில் அக்கா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். அழவில்லை, அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"பன்னிரண்டா, இருபத்தொண்ணாடா?"

"பன்னிரண்டுதான், அக்கா."

"ரெண்டு தடவை கேட்டாங்களாமே."

"கேட்டாங்க."

"பஸ்ல போறவனையெல்லாம் திருத்துவியேடா!"

வேலியார் என்னென்னவோ சொல்ல நினைத்தார். உனக்காகத்தான், வாலுவுக்காகத்தான் என்றெல்லாம் வாய்வரை வந்தது. அவளிடம் அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாதி நாள் விடுப்புத்தான் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆலைக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.

அவர் தன் அறைக்கு வந்தார். வாசலில் பலகை எழுதுபவர் காத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ரொப்பிடலாமா? என்ன எழுதட்டும்?"

"அப்புறம் சொல்றேன்."

"ரெண்டு தடவை வந்துட்டேன் சார்" என்று முனகிக்கொண்டே அவர் போனார்.

மேஜைக்கு அடியில் வாலுவின் அளவுகோலும் பாதி தின்ற பென்சிலும் கிடந்தன. எடுத்து மேஜை மேல் வைத்தார். மூலையில் இருந்த பேரவை நாற்காலியைப் பார்வைக்காலம் முடிந்ததும் பார்வையாளர் தூக்கிக்கொண்டு போய்விட்டிருந்தார். தரையில் அதன் நாலு கால் தடம் மட்டும் இருந்தது.

நாலு மணி அடித்தது. பழக்க தோஷம், படியில் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே பஞ்சர் கடைக்காரர் காற்றடிக்கிற சத்தம்தான் வந்தது. நாலரை ஆயிற்று. ஐந்தும் ஆயிற்று. அறை திறந்த நாளிலிருந்து முதல் தடவையாக வேலியார் அந்த நேரத்தில் தனியாக இருந்தார். அதைப் பார்த்து எழுதிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை.